பழைய வண்டியும் புதிய வேகமும்

பழைய பொருளொன்றைப் பழுதுபார்த்துப் பேணுவது ஓர் இன்பம். அதை முன்னிலும் வலிமை மிக்கதாக்க முயல்வது மற்றோர் இன்பம். பரமக்குடியில் உள்ள எங்கள் இல்லத்தில் இவ்விரண்டையும் தந்து வருவது, தந்தையார் விட்டுச் சென்ற 1985ஆம் ஆண்டுப் பிரிமியர் பத்மினி கார். ஓய்வு நாட்களின் மாலை வேளைகளில் நாங்கள், தந்தையும் மகனுமாக, அதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறோம்.

மகனுக்கு வேகத்தின்மீது ஆசை. நம் தமிழ்நாட்டில் இவ்வாசைக்கு நெடிய மரபு உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தடம் அமைந்தது. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களை உருவாக்கினார். அவ்வகைக் கார்களில் பயின்ற நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். இவற்றையெல்லாம் படித்த இளைஞன் வீட்டுக் காரைச் சும்மா பார்த்துக் கொண்டிருப்பானா?

எஞ்சினின் வலிமை எவ்வாறு கூடும்? சிலிண்டரின் துளையைப் பெரிதாக்குவது முதல் வழி. பத்மினியின் துளை 68 மி.மீ.; கொள்ளளவு 1,089 சி.சி. துளையை 1 மி.மீ. கூட்டினால் 1,121 சி.சி. ஆகும். கூடுவது மூன்று விழுக்காடே! சிலிண்டர் ஹெட்டைச் சற்றே இழைத்து அழுத்தத்தை உயர்த்துவது, காற்று தாராளமாக உட்புகவும் புகை தடையின்றி வெளியேறவும் வழிசெய்வது ஆகியவையே மிகுந்த பயன் தருவன. ஆயினும் அழுத்தம் அளவு மீறினால், எரிபொருள் முறையின்றி வெடித்து எஞ்சின் ‘டக் டக்’கெனத் தட்டும், நாளடைவில் பிஸ்டனே உடையும். இராமநாதபுரச் சீமையின் வெயிலில் இவ்வபாயம் இன்னும் பெரிது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் சொன்னது வேறு. “புது பலத்தைப் பிறகு தேடலாம், இழந்த பலத்தை முதலில் மீட்டெடுங்கள்.” அழுத்தத்தை அளந்து பார்த்ததில் ஒரு சிலிண்டர் மிகவும் தளர்ந்திருந்தது. ஆகவே தேய்மானம் கேட்ட அளவுக்கு மட்டும் துளையைக் கடைந்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றினோம். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தோம். பிளக், பாயிண்ட், டைமிங் ஆகியவற்றைச் சீர்செய்தோம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். எவ்விதப் பந்தயச் சாமானும் இன்றியே வண்டி துள்ளி எழுந்தது.

அதன் பின்னரே வீட்டில் பூசல். மகன் கேட்டது இரட்டைக் கார்ப்பரேட்டர். கையிலிருந்த பணமோ ஒன்றுக்கே போதும்: கார்ப்பரேட்டரா, பிரேக்கா? இவ்வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. இரண்டு வாரம் அவன் முகங்கொடுத்துப் பேசவில்லை. பின்னர் ஒருநாள் தானே கணக்குப் போட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை 80க்கு உயர்த்தினால், நிறுத்துவதற்குப் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஒன்றேமுக்கால் மடங்குக்கும் மேலாகிறது. மறுவாரமே புதிய லைனிங்கும் வீல் சிலிண்டரும் வந்தன. நெசவாளர் சைக்கிளும் ஆட்டு மந்தையும் குறுக்கிடும் நம் சாலைக்கு அதுவன்றோ தேவை!

சட்டமும் இங்கே ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பந்தய எஞ்சினுக்கு உரிய இடம் பந்தயத் தடமே.

முன்பெல்லாம் பாம்பன் சாலைப் பாலத்து ஏற்றத்தில் கியரைக் குறைத்தே ஏறுவோம். இப்போது ஐவர் அமர்ந்தும் அதற்கு அவசியம் நேர்வதில்லை. மகன் இரட்டைக் கார்ப்பரேட்டரை மறந்துவிடவில்லை. என்றேனும் தடத்தில் ஓட்டவென்று வேறொரு பழைய எஞ்சின் வாங்கப் பணம் சேர்த்து வருகிறான். அதையும் சேர்ந்தே கழற்றிப் பூட்டுவோம்.

பெற்றோரே, பிள்ளையின் வேக ஆசையை வெறும் அதட்டலால் அடக்க முயலாதீர்கள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவனருகே அமருங்கள். ஓட்டக் கற்கும் முன் நிறுத்தக் கற்க வேண்டும் என்பதை அவன் தானே கண்டுகொள்வான்.