பெயரும் வடிவமும்

தச்சுப் பட்டறையில் தந்தையிடம் தொழில் பயிலும் சிறுவன் ஒருவன், சாளரத்திற்கு ஒரு சட்டம் செய்ய முற்பட்டான். நான்கு மரத்துண்டுகளை ஓரளவாக அறுத்தான். முனைகளைப் பொருத்தி, மூலைக்கோர் ஆணி அறைந்தான். மூலைமட்டத்தை அவன் கையில் எடுக்கவே இல்லை. “நான்கு பக்கமும் இரண்டடி, ஆகவே இது சதுரம்” என்று கூறி மகிழ்ந்தான். சுவரில் விடப்பட்டிருந்த சதுரத் திறப்பில் வைத்தபோதோ, சட்டத்தின் இரு மூலைகள் முட்டின. அஃது உள்ளே செல்லவில்லை. அவன் அறுத்த அளவில் பிழை இல்லை. அவன் இட்ட பெயரில்தான் பிழை இருந்தது.

அப்பிழையை உணர, வடிவங்கள் பெயர் பெற்ற முறையைச் சற்றே நோக்குதல் வேண்டும். நேர்கோடுகளால் முற்றும் சூழப்பெற்ற வடிவத்தைப் பலகோணம் என்பர். தாளின்மேல் இரண்டு நேர்கோடுகள் மட்டும் ஓர் இடத்தை அடைக்க மாட்டா. ஆதலின் எண்ணிக்கை மூன்றிலிருந்தே தொடங்குகிறது. மூன்று என்னும் எண்ணுப்பெயர் புணர்ச்சியில் ‘மு’ எனக் குறுகி, வல்லினம் மிக்கு, முக்கோணம் ஆயிற்று. அவ்வாறே ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்பன திரிந்து ஐங்கோணம், அறுகோணம், எழுகோணம், எண்கோணம் என நின்றன. இலக்கண வகுப்பிற் கற்ற விதியே கணித வகுப்பிலும் துணை செய்கிறது. இதனை அறியாது பெயர்களை நெட்டுருச் செய்வோர் வீணே இடர்ப்படுகின்றனர்.

நான்கிற்கு மட்டும் நாற்கரம் என்று வழங்குகிறோம். கரம் என்பது கை; ஈண்டு அது பக்கத்தைக் குறித்தது. மூன்றைக் கோணத்தாலும் நான்கைப் பக்கத்தாலும் குறித்தல் முரணாகுமோ எனின், ஆகாது. எப்பலகோணத்திலும் பக்கங்கள் எத்தனையோ, கோணங்களும் அத்தனையே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முக்கோணி, நாற்பக்கல் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. நாற்பக்கல் என்பது கேட்ட அளவிலேயே பொருள் விளங்கும் நல்ல சொல்.

கி.மு. 300 அளவில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் யூக்ளிடு, தம் நூலின் தொடக்கத்திலேயே முக்கோணங்களை இருவகையாற் பகுத்தார். பக்கம் நோக்கின் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம். கோணம் நோக்கின் செங்கோணம், விரிகோணம், குறுங்கோணம். எனவே ஒரே முக்கோணத்திற்கு இரு பெயர்கள் பொருந்தும். சதுரத் தாளொன்றை மூலையோடு மூலை சேர மடித்துப் பாருங்கள். கிடைப்பது இருசமபக்க முக்கோணம்; செங்கோண முக்கோணமும் அதுவே.

இனி, முக்கோணத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்துவிட்டால், அதன் கோணங்கள் மாற வழியில்லை. பக்கங்கள் சமமாயின் ஒவ்வொரு கோணமும் 60 பாகையாகவே இருக்கும். பக்கங்கள் 3, 4, 5 அடி எனின் ஒரு கோணம் செங்கோணமாகவே அமையும். மூலைக்கு ஓராணி அறைந்த முக்கோணச் சட்டத்தை எவ்வளவு தள்ளினும் அது சாயாது. நாற்கரமோ அத்தகையதன்று. அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை. பக்கங்கள் நான்கும் சமமாக இருக்கும்போதே அத்தொகை பலவாறு பிரிந்து நிற்கக்கூடும். நான்கும் 90 ஆக நின்ற சட்டத்தைச் சிறிது தள்ளினால், 60, 120, 60, 120 எனவும் அது சாய்ந்து நிற்கும். ஒரு பக்கமும் நீளவில்லை, குறையவுமில்லை. ஆயினும் அது சதுரமன்று, சாய்சதுரம். சதுரம் எனப் பெயரிட வேண்டுமாயின், பக்கங்கள் ஒத்திருப்பதோடு கோணங்களும் செங்கோணமாதல் வேண்டும். சிறுவன் முன்னதை அளந்தான். பின்னதை அளவாமலே பெயரிட்டுவிட்டான்.

தந்தை சினந்து ஒன்றும் கூறவில்லை. கயிறொன்றை எடுத்துச் சட்டத்தின் மூலைக்கு மூலை பிடித்துக் காட்டினார். ஒரு மூலைவிட்டம் நீண்டும் மற்றது குறுகியும் இருந்தன. நீண்ட மூலைகள் இரண்டையும் உள்நோக்கி மெல்லத் தள்ளி, இரு மூலைவிட்டங்களும் ஒத்தபின், சாய்வாக ஒரு கட்டையை வைத்து அறைந்தார். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்து அசையாது நின்றது. சட்டம் சுவரில் அமர்ந்து இறுகும்வரை அக்கட்டையைக் கழற்ற வேண்டா என்று மகனிடம் கூறிவிட்டு, அவர் தம் வேலைக்குத் திரும்பினார்.