நெஞ்சு தளரும் குறிகள்

மனித உடலின் உறுப்புகளுள் ஓய்வென்பதை அறியாது உழைப்பது இதயம். கைப்பிடி அளவினதாகிய அவ்வுறுப்பு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடித்து, நிமிடத்திற்குச் சற்றேறக்குறைய 5 லிட்டர் குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. அதன் ஆற்றல் குன்றி, உடலுக்கு வேண்டும் அளவு குருதியைச் செலுத்தமாட்டாத நிலையையே மருத்துவர் இதயச் செயலிழப்பு என்பர். பெயர் கேட்டு, இதயம் நின்றுவிட்டது எனக் கருதுதல் தவறு. மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. இதயத் தசைக்குக் குருதி தரும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அது பெரும்பாலும் திடுமென வரும். இதுவோ பெரும்பாலும் மெல்ல மெல்ல வருவது. உயர் இரத்த அழுத்தம், முன்னர் நேர்ந்த மாரடைப்பு, நீரிழிவு, இதய வால்வுகளின் பழுது ஆகியன இதற்கு வழிகோலும்.

மெல்ல வரும் பகையே பெரிதும் அஞ்சத்தக்கது. ஓர் இல்லத்தில் மூதாட்டியார் ஒருவர் வாழ்கின்றார் எனக் கொள்வோம். நாள்தோறும் கோயிலுக்கு நடந்து சென்றவர், இப்போது வழியில் இருமுறை அமர்ந்து இளைப்பாறுகின்றார். ஒரு தலையணை வைத்துத் துயின்றவர் இரண்டு கேட்கின்றார். பின்னர் மூன்று கேட்கின்றார். நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து, சாளரத்தருகே அமர்கின்றார். படுத்தால் இருமல் மிகுகின்றது. மாலையில் கணுக்கால் வீங்குகின்றது. அவ்விடத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகவே நிரம்புகின்றது. சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுகின்றது. “மூப்பு வந்தால் இப்படித்தான்” என்று அவரும் சொல்கின்றார். வீட்டாரும் அதனையே நம்பிவிடுகின்றனர். தீங்கு விளைவது அந்நம்பிக்கையாலேயே ஆகும்.

இக்குறிகள் யாவும் ஒரே காரணத்திற் பிறப்பன. ஏற்றம் இறைப்போன் கை தளர்ந்தால் வயலுக்கு நீர் குறையும். கிணற்றில் நீர் தேங்கும். அதுபோல, இதயம் தளர்ந்தால் உறுப்புகளுக்குக் குருதி குறைந்து சோர்வு உண்டாகின்றது. பின்னே தேங்குவதால் நுரையீரலிலும் கால்களிலும் நீர் கோக்கின்றது. சிறுநீரகங்களும் உப்பையும் நீரையும் வெளியேற்றாது தேக்குகின்றன. படுக்குங்கால் கால்களில் நின்ற நீர் மார்பை நோக்கித் திரும்புதலால் மூச்சு முட்டுகின்றது.

இந்நீர்வீக்கத்திற்கு மருந்து தேடியோர் பலர். இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் விதரிங் என்பார், மூதாட்டி ஒருவர் மறைத்துப் போற்றிய மூலிகைக் கலவையைப் பற்றி 1775 ஆம் ஆண்டில் கேள்வியுற்றார். அதனுள் ஆற்றலுடையது டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலையே எனத் தெளிந்து, பத்தாண்டுகள் ஆராய்ந்து, 1785 இல் நூலாக வெளியிட்டார். அளவு மிஞ்சினால் அம்மருந்தே நஞ்சாகும் என்பதையும் அவர் கண்டார். அச்செடியின் இனத்திலிருந்து பெறும் மருந்து ஒன்று, இன்றும் சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் வழங்கப்படுகின்றது. அதனினும் சிறந்த மருந்துகள் பல இன்று உள்ளன. நோய் முற்றுமுன் தொடங்கினால், அவை துன்பத்தைக் குறைத்து வாழ்நாளையும் நீட்டிக்கும்.

ஆதலின், இந்நோயுடையார் காலைதோறும் உடல் எடையைப் பார்த்துக் குறித்தல் நன்று. மூன்று நாள்களில் 2 கிலோகிராம் அளவு கூடுமாயின், அது சதையன்று, நீரே எனக் கொண்டு மருத்துவரை நாடவேண்டும். உப்பையும் குறைத்தல் வேண்டும். அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், இளஞ்சிவப்பு நுரை கலந்த சளி வந்தாலும், மார்பு வலித்தாலும், மயக்கமுற்றாலும் விடியும்வரை காத்திராது, 108 ஊர்தியை அழைத்தல் கடன்.

மருத்துவர் நோயாளரைக் காண்பது சிறிது நேரமே. உடன் வாழ்வோரே நாளெல்லாம் காண்கின்றனர். படுக்கையில் ஒரு தலையணை கூடியதையும், பழகிய செருப்பு காலில் இறுகியதையும் வீட்டிலுள்ள சிறுவரும் காணலாம். கண்டதைப் பெரியோரிடம் உடனே உரைக்கும் பிள்ளை, ஓருயிரைக் காத்த பிள்ளையாகவும் கூடும்.