குளக்கரையில் லூர்து மாதா

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு, மணக்குள விநாயகரைத் தரிசித்துத் திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை போகும்போது அரை நாள் ஒதுக்கி, விழுப்புரம் பஸ்ஸில் ஏறுங்கள். சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர் வந்துவிடும்.

"ஓ, திருக்காமீசுவரர் கோயில் ஊரா?" என்பீர்கள். அதேதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து அந்தக் கோயில் தேரின் வடம் பிடிப்பாராம். பின்னால் வந்த துணைநிலை ஆளுநர்களும் அந்த வழக்கத்தை விடவில்லை. அதே ஊரில் இன்னொரு தேரும் ஓடுகிறது. அது லூர்து மாதாவின் தேர்.

லூர்து என்பது பிரான்சில் பிரனீஸ் மலையடிவாரத்துச் சிற்றூர். 1858 பிப்ரவரி 11-ஆம் தேதி, அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போன பெர்னதெத் என்ற 14 வயது ஏழைப் பெண், அங்கே ஒரு குகையில் மாதாவைக் கண்டாள். சில நாட்களில் அவள் மண்ணைக் கிளறிய இடத்தில் ஊற்றுப் பெருகியது. சிறுமியின் சொல்லை யார் உடனே நம்புவார்கள்? தீர விசாரித்து, 1862-இல்தான் மேற்றிராணியார் அதை ஏற்றுக்கொண்டார்.

அந்தக் குகைக்கு மேலே எழுந்த பெரிய கோயில் 1876-இல் அபிஷேகமாயிற்று. அதே ஆண்டில் வில்லியனூரிலும் பிரெஞ்சுப் பாதிரிமார் கோயில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அது எப்பேர்ப்பட்ட ஆண்டு தெரியுமா? பாட்டிமார் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விட்ட தாது வருஷம்! மழை பொய்த்து, தென்னாட்டில் லட்சக்கணக்கானோர் மாண்ட பஞ்சம் அது. ஜனங்கள் கூழுக்கும் நீருக்கும் அலைந்துகொண்டிருந்த 1877-இல், ஊற்றுத் தந்த மாதாவின் சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தது. இறக்கும்போது பெட்டி நழுவி விழுந்தும் சுரூபத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு.

அன்னை வந்தாள், கோயிலும் எழுந்தது. ஆனால் "கோயில் குளம்" என்று சேர்த்தே பேசுகிறவர்கள் ஆயிற்றே நாம்! கோயில் மட்டும் போதுமா? சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 1920-களில், வாசலுக்கு எதிரே குளமும் அமைந்தது. லூர்தில் ஊற்று, இங்கே திருக்குளம். மாதா கோயிலுக்கு முன்னால் இப்படி ஒரு குளம் லேசில் காணக் கிடைக்காது. லூர்து ஊற்றின் நீரையும் இதில் கலப்பதுண்டு என்கிறார்கள்.

ஈஸ்டரை அடுத்து வரும் திருவிழாவில் கொடியேற்றம், தேர்ப் பவனி எல்லாம் உண்டு. அன்னியச் சீமையிலிருந்து வந்தவளுக்கு நம் ஊரார் குளமும் கொடியும் தேரும் கொடுத்து, வீட்டுப் பெண்ணாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள்.

நீங்கள் போகும்போது மறக்காமல் ஒரு சிறு பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். இந்தக் குளத்து நீரை வீட்டுக்குக் கொண்டுபோகும் பெண்களிடம், எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.