புளியங்கொட்டைப் பசையும் பெரிய கண்களும்

கடந்த கோடை விடுமுறையில், கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிற்குச் சிறுவர்க்கு ஓவியம் பயிற்றச் சென்றிருந்தோம். கள்ளக்குறிச்சியில் வாங்கிய வண்ணப் பெட்டிகளும் அச்சிட்ட மாதிரிப் படங்களும் நம் கையில் இருந்தன. "இதைப் பார்த்து வரையுங்கள்" என்றோம். ஆறேழு வயதுப் பிள்ளைகள் வரைந்ததைவிட அழித்ததே மிகுதி. மாதிரியைப்போல் வரவில்லையே என்னும் அச்சத்தில் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்தது. அந்த அச்சத்தை மலைக்குச் சுமந்து சென்றவர் நாமே என்பது அன்று மாலைதான் உறைத்தது.

அவ்வேளையில் நினைவுக்கு வந்தவர் வங்க ஓவியர் ஜாமினி ராய் (1887–1972). கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் மேலைநாட்டு முறை பயின்று, எண்ணெய் வண்ணத்தில் உருவப்படங்கள் தீட்டியவர். 1920களில் அதைத் துறந்து, தாம் பிறந்த பாங்குரா மாவட்டத்துக் கிராமக் கலையிடமும் காளிகாட் ஓவியங்களிடமும் மீண்டும் மாணவரானார். மண், சுண்ணம், விளக்குக்கரி முதலியவற்றைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து வண்ணமாக்கினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் இயேசுவைப் பலமுறை தீட்டினார்.

மறுநாள் வண்ணப் பெட்டிகளை மூடி வைத்தோம். மலையில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? பிள்ளைகளே மடிநிறையக் கொண்டுவந்தனர். உபதேசியார் அதை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினார். பிள்ளைகள் செம்மண் சலித்தனர், மஞ்சள் இடித்தனர். அகல்விளக்கின் புகையை ஓட்டில் பிடித்துக் கரி சேர்த்தோம். நுனி நசுக்கிய வேப்பங்குச்சியே தூரிகை. கைகள் நிறமேறிய பிறகே ராயின் இயேசுவைக் காட்டினோம். "கண்ணு எவ்ளோ பெருசு!" என்றனர். அன்று எவரும் அழிப்பானைத் தேடவில்லை.

ஒரு சிறுமி தன் தாயை வரைந்தாள். தலையில் விறகுக்கட்டு, கண்களோ முகத்தையும் கடந்து வெளியே நின்றன. பழக்கதோஷத்தால் திருத்தக் கை நீட்டினோம். "கண் இவ்வளவு பெரிதா, அம்மா?" என்று கேட்டோம்.

"எங்கம்மா இருட்டுலதான் வருவாங்க, சாமி. வழி தெரியணும்ல?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டோம்.

அச்செம்மண் ஓவியம் இன்று நம் அறைச் சுவரில் இருக்கிறது. திருவுருவங்களில் கண்கள் ஏன் பெரிதாக இருக்கின்றன என்று இனி எவரேனும் வினவினால், குருமடத்து ஏடுகளை நாம் புரட்டப் போவதில்லை.