எவ்வளவு என்று மட்டுமல்ல, எப்போது என்றும் கேட்கும் மீட்டர்

தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழகிப்போன மின்கணக்கு ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. ஊழியர் வந்து மீட்டரைப் பார்ப்பார். அவர் போனதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "500 தாண்டிடுச்சா?"

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயாக இருந்தது. 510 யூனிட் ஆகியிருந்தால் 2,030 ரூபாய். பத்து யூனிட் கூடியதற்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடுவதுதான் காரணம். அதனால் இங்கே மின்சாரச் சிக்கனம் என்றால் "எவ்வளவு" என்பதைக் குறைப்பது. காலை பத்து மணிக்கு மோட்டார் போட்டாலும் ராத்திரி எட்டு மணிக்குப் போட்டாலும் பழைய மீட்டருக்கு ஒன்றுதான்.

ஸ்மார்ட் மீட்டருக்கு அப்படி இல்லை. அது கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை எத்தனை யூனிட் ஓடியது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, செல்போன் போலவே கம்பியில்லாமல் மின்வாரியத்துக்கு அனுப்பிவிடும். ஆள் வந்து பார்க்க வேண்டியதில்லை. "எப்போது" என்பது தெரிந்துவிட்டால், நேரத்துக்கு ஒரு விலையும் வைக்க முடியும்.

எதற்காக நேரத்துக்கு ஒரு விலை?

பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆறு மணிக்குமேல் அது நின்றுவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் எல்லோரும் வீடு திரும்பி விளக்கு, ஃபேன், டிவி, ஏசி எல்லாவற்றையும் போடுகிறார்கள். அந்த நாலு மணி நேரத் தேவைக்காக வேறு மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அல்லது வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்க வேண்டும். கொஞ்சம் உபயோகம் பகலுக்கு நகர்ந்தால் எல்லோருக்கும் செலவு குறையும். பெரிய தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் ஏற்கனவே பழகிய விஷயம்தான். புதிது, அது வீட்டு வாசலுக்கு வருவது.

2023 ஜூனில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி உள்ள எட்டு மணி நேரத்துக்குச் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20% தள்ளுபடி. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10% கூடுதல். விவசாயத்துக்கு விலக்கு. மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1-க்குள் என்று கெடு. ஆனால் எந்த நேரம், என்ன விலை என்பதை முடிவு செய்வது அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண விலை யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பகலில் 4.80, உச்ச நேரத்தில் 6.60. வித்தியாசம் 1.80. தினமும் ஒரு யூனிட்டை மாலையிலிருந்து பகலுக்கு மாற்றினால் மாதம் 54 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லை, சின்ன தொகையும் இல்லை.

ஆனால் எதை மாற்றுவது? இஸ்திரி, வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார்... இவற்றை மாற்றலாம். ஃபேனையும் பிள்ளைகள் படிக்கும் விளக்கையும் மாற்ற முடியுமா? எட்டு மணிக்கு வேர்ப்பதற்கு மதியம் ஒரு மணிக்கு ஃபேன் போட்டு வைக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் அந்த எட்டு மணி நேரம்தான் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு பூட்டிக் கிடக்கும் நேரம். அந்த வீட்டில் மாவு அரைப்பதும் துணி துவைப்பதும் ஏழு மணிக்குமேல்தான். பகலில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும், அல்லது தானாக ஓடும் மெஷின் இருக்க வேண்டும். அப்போதுதான் தள்ளுபடி கைக்கு வரும். ஆக, வசதி இருப்பவருக்கே நேரத்தை நகர்த்தும் வசதியும் இருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2023-ல் வந்த ஒரு திட்டம் இதைப் பளிச்சென்று காட்டும். அது வந்தபோது இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் 2.4 சென்ட்டாக இருந்தது. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சென்ட்டாக இருந்தது. பத்து மடங்கு! இரவில் மின்சாரக் கார் சார்ஜ் செய்பவருக்கு அது லாட்டரி. ஆனால் அங்கே அது கட்டாயமில்லை. வேண்டாம் என்பவர் வேறு திட்டத்தில் இருந்துகொள்ளலாம்.

பக்கத்தில் கேரளா வேறு வழியில் போனது. 2025-ல் மாதம் 250 யூனிட்டுக்குமேல் செலவழிக்கும் வீடுகளுக்கு மட்டும் நேர விலை. மாலை 6 முதல் 10 வரை 25% கூடுதல், பகலில் 10% குறைவு. சின்ன வீடுகளைத் தொடவில்லை.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இதைக் கொண்டுவருவதென்றால் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டை எந்த நேரத்துக் கணக்கில் கழிப்பது? பகல் கணக்கில் கழித்தால் சலுகை சுருங்கும். மாலைக் கணக்கில் கழித்தால் ஒரு விளக்கும் இரண்டு ஃபேனும் உள்ள வீடு தப்பிக்கும். வெளியே தெரியாத ஒரு சின்ன வரிதான். ஆனால் ஏழை வீட்டு பில் அதில்தான் இருக்கிறது.

நேரம் பார்த்து விலை வைப்பது தப்பில்லை. காய்கறியே காலையில் ஒரு விலை, கடை சாத்தும்போது ஒரு விலை விற்கிறது. சாயங்காலம் வரை காத்திருக்க முடிந்தவர் குறைந்த விலைக்கு வாங்குகிறார். காத்திருக்க முடியாதவரிடம் அதற்காக அபராதம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். நகர்த்தக்கூடிய யூனிட்டுக்குத் தள்ளுபடி கொடுக்கட்டும். நகர்த்தவே முடியாத முதல் சில யூனிட்டுகளை, எந்த நேரமானாலும், விட்டுவிடட்டும். எந்த யூனிட் எப்போது ஓடியது என்று அத்தனையும் தெரிந்த மீட்டரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது கஷ்டமா என்ன?