கூட்டத்தில் வாசிக்கும் கணக்கு

பிரிமாண்ட், கலிபோர்னியா

அன்புள்ள மருமகளுக்கு,

கடமலைக்குண்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பெண்கள் குழுக்களின் கணக்கைப் பதியும் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். சம்பளம் கம்மி என்று அவளுக்குக் குறை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது தாயி.

நம் கடமலை-மயிலை ஒன்றியத்துக்குக் குழு வேலை புதுசு இல்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்த வாசிமலை, மதுரை வட்டாரத்துப் பெண்களைச் சேர்த்து 1990இல் தொடங்கிய சேமிப்புக் குழு இயக்கம்தான் களஞ்சியம். அதை நடத்தும் தானம் அறக்கட்டளை 1997இல் உருவானது. நம் ஒன்றியத்தில் குழுக்கள் சேர்ந்து வட்டாரச் சங்கமாகி, உறுப்பினர்களே காசு போட்டு மருத்துவக் காப்பீடு வரை நடத்தினார்கள். புல்லுச்சேரி சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு அன்றைய பிரதமர் வாஜ்பாய் வணங்கினாரே, அவரும் களஞ்சியத்துக்காரர்தான்.

உன் அம்மாச்சி இருந்த குழுவின் கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும். ஒரே குண்டு பல்பு, கீழே கோரைப்பாய். கணக்கெழுதும் பெண் சேமிப்பு, கடன், வட்டி என்று ஒவ்வொரு பேராகச் சத்தமாக வாசிப்பாள். ஒருநாள், கைநாட்டு வைக்கும் பெரியம்மா ஒருத்தி, "நில்லு, எங்கணக்குல அம்பது ரூவா கொறையுது" என்றாள். பேரேட்டைப் பின்னால் புரட்டினார்கள். முந்தின பக்கத்துக் கூட்டுத்தொகையைக் கொண்டுவரும்போது விட்டுப்போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாதான் அன்றைக்குத் தணிக்கையாளர்.

நீ அச்சடித்து நீட்டும் தாளைப் பார்த்து அப்படி ஒருத்தி கேள்வி கேட்க முடியணும். முடியாவிட்டால், அந்த மென்பொருளால் குழுவுக்கு நஷ்டம்தான்.

பிரதான் என்ற தொண்டு அமைப்பு ஜார்க்கண்டில் 'கம்ப்யூட்டர் முன்ஷி', அதாவது கம்ப்யூட்டர் கணக்கர், என்று உள்ளூர் இளைஞர்களையே பழக்கியது. குழுக்கள் வாரக் கணக்குச் சீட்டை அனுப்பும், முன்ஷி பதிந்து அச்சடித்துத் திருப்பிக் கொடுப்பார். கூலி கொடுப்பது குழுக்கள்தான். அதனால் அவர் பதில் சொல்ல வேண்டியதும் அவர்களுக்கே. 2015இல் நபார்டு இ-சக்தி என்று குழுக் கணக்குகளை மின்மயமாக்கத் தொடங்கியது. அது வேண்டியதுதான். ஆனால் பதிவு செய்கிறவரைப் பழக்காமல் எந்தச் செயலியும் உருப்படாது.

இங்கே சான் பிரான்சிஸ்கோவில் 1987இல் காம்ப்யூமென்டர் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைய டெக்சூப் அதுதான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்த்துவிடுவதே அதன் முதல் வேலை. இது தெரிந்திருந்தும் நான் ஊர்ப்பக்கம் ஒரு அமைப்புக்கு இரண்டு கம்ப்யூட்டர் மட்டும் அனுப்பி வைத்தேன். அடுத்த லீவில் போய்ப் பார்த்தபோது இரண்டும் துணி போர்த்தியபடி மூலையில் இருந்தன. சொல்லித்தர ஆள் அனுப்பாதது என் தப்பு.

உனக்கு இரண்டு சொல்கிறேன். உறுப்பினர்களின் ஆதார் எண்ணையும் கடன் பாக்கியையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதே, யார் கேட்டாலும். பக்கத்து அமைப்புகளில் உன்னைப் போலக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகளோடு மாதம் ஒருநாள் உட்கார். உனக்குச் சிக்கலாக இருப்பதை மயிலாடும்பாறையில் ஒருத்தி ஏற்கெனவே அவிழ்த்திருப்பாள். அந்த ஒருநாளை வேலை நாளாகவே தரச்சொல்லி நிர்வாகத்திடம் கேள். கேட்பது உன் உரிமை.

டிசம்பரில் வருகிறேன். இந்த முறை லேப்டாப் கொண்டுவரவில்லை. பத்து நாள் உன் பக்கத்திலேயே உட்காருகிறேன். அந்தப் பிள்ளைகளையும் கூட்டி வை.

அன்புடன்,
மாமா