உட்சுவரின் ஊழியம்

சென்ற ஆண்டு என் தந்தையார் மாரடைப்பால் மருத்துவமனை சேர்ந்தார். நெஞ்சத் தசைக்கு உதிரம் கொணரும் குழலொன்றினுள், கொழுப்புப் படிந்திருந்த சுவர் வெடித்து, அவ்விடத்தே உதிரம் உறைந்துவிட்டதென்று மருத்துவர் உரைத்தார். கர்த்தர் கிருபையால் பிழைத்தெழுந்த தந்தையார் என்னை நோக்கி, “தம்பி, காயத்தில் உறைந்து உயிரைக் காக்கும் உதிரம், உள்ளே உறைந்து உயிரை வாங்க வந்தது ஏன்?” என்று வினவினார். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எனக்கு விடை தெரிந்திலது. கல்லூரி நூல்நிலையத்தை நாடினேன்.

ஒரு கனமில்லிமீட்டர் உதிரத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் மிதந்து செல்கின்றன. காயமுற்ற குழலின் சுவரில் இவை ஒட்டித் திரள்வதை, இத்தாலி நாட்டு டூரின் நகரத்துப் பேராசிரியர் பிட்சோசேரோ 1882ஆம் ஆண்டில் விளக்கினார். ஆயின், காயமில்லாவிடத்து அவை ஒட்டாமற் செல்வது எதனால்? சுவரின் வழவழப்பினால் என்றே யான் எண்ணியிருந்தேன். அஃது அவ்வளவில் நிற்பதன்று.

குழலின் உட்புறத்தை ஒற்றை அடுக்காய்ப் போர்த்திருக்கும் உயிரணுக்கள் ஓயாது தொழில் செய்கின்றன. நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவையும், 1976இல் ஜான் வேன் என்பாரும் உடனுழைத்தோரும் கண்டறிந்த புரோஸ்டாசைக்ளின் என்னும் பொருளையும் அவை சுரக்கின்றன. இவ்விரண்டும் தட்டணுவினுள் கால்சியம் மிகாதபடி தடுத்து, அது கிளர்ந்தெழாமல் அடக்குகின்றன. ஒரு தட்டணு ஏனையவற்றை அழைத்தற்கு ஏ.டி.பி. என்னும் பொருளை வெளிவிடும். அவ்வழைப்பையும் உட்சுவர் அணுக்களின்மேலுள்ள நொதியொன்று சிதைத்துவிடும்.

சுவர் கிழிந்தாலோ, அவ்விடத்து அடக்குவார் இலர். கீழுள்ள கொலாஜன் இழைகள் வெளிப்பட, வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் புரதம் தட்டணுக்களை அங்கே பற்றி நிறுத்தும். அப்புரதத்தில் பெரும்பகுதியை ஆக்குவனவும் இவ்வுட்சுவர் அணுக்களே! அமைதி காத்த காவலனே இடர்வந்த பொழுது முரசும் அறைகிறான். கையிற்பட்ட வெட்டும் நெஞ்சக் குழலின் வெடிப்பும் தட்டணுவிற்கு வேறல்ல. சுவர் உடைந்தது என்னும் செய்தி ஒன்றே அதற்குத் தெரியும். இதுவே தந்தையார் வினாவிற்கு விடை.

வீடு திரும்பிய சில திங்களில், “நோய்தான் தீர்ந்ததே” என்று, நாடோறும் உண்ணப் பணித்த ஆஸ்பிரின் மாத்திரையைத் தந்தையார் நிறுத்திவிட்டார். அன்னையார் சொல்ல அறிந்து நடுங்கினேன். விடுமுறையில் அவரருகே அமர்ந்து விளக்கினேன்: ஆஸ்பிரின், திராம்பாக்ஸேன் என்னும் மற்றோர் அழைப்புப் பொருளைத் தட்டணு ஆக்கவொட்டாது தடுக்கும். உட்கரு இல்லாத தட்டணு, தன் 7 முதல் 10 நாள் வாழ்நாள் முழுதும் அவ்வாற்றலை மீளப் பெறாது. உட்கருவுடைய உட்சுவர் அணுவோ, இழந்த நொதியைப் புதிதாய் ஆக்கிக்கொண்டு தன் ஊழியத்தைத் தொடரும். நாடோறும் புதிய தட்டணுக்கள் பிறத்தலின், மாத்திரையும் நாடோறும் வேண்டும்.

தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு தண்ணீர் கேட்டார்.

அமைதி என்பது ஒன்றும் நிகழாமையென்று எண்ணியிருந்தேன். ஓயாத உழைப்பின்றி அமைதி இல்லை என்பதை இப்பொழுது அறிகிறேன். நாள்தோறும் காலையில், ஒரு சொல்லும் சொல்லாது, காப்பிக் குவளையின் அருகே அம்மாத்திரையை வைத்துச் செல்லும் என் அன்னையாரைக் காணுந்தோறும் அவ்வுட்சுவரையே நினைக்கிறேன்.